பெயர் வெட்டிய ஏனம்

சிவனேஸ்வரிக்குச் சொந்தக்காரருக்குக் குறைவில்லை. வட்டக்கச்சியில் மாத்திரம் ஒரு பஸ் நிறையத் தேறும். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்து குடியேறிய தகப்பனின் பக்கம் ஒரு கூட்டம், புருஷன் இளையதம்பியின் பக்கம் இன்னொரு கூட்டம், இரண்டுக்கும் நடுவில் யார் யாரோடு கதை பேச்சில்லை என்ற விவகாரம் வேறு. ஆனால் சிநேகிதி என்று சொல்ல ஒருத்தி இருந்ததில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் இருந்த இரண்டொருவரும் கலியாணம், வெளிநாடு, இடப்பெயர்வு என்று ஒவ்வொரு பக்கமாகப் போய்விட்டார்கள். அதன் பிறகு வயல், மாடு, பிள்ளைகள் என்று காலம் ஓடியது. போதாக்குறைக்கு வாய் கொஞ்சம் நீளம். "உன்ர வாய்க்கு ஆரடி கிட்ட வரும்?" என்று தாய் சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினார். பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு இவள் சிநேகிதம் பிடிப்பாள் என்று எந்தச் சாத்திரக்காரனும் சொல்லியிருக்க மாட்டான்.

பிடித்தது சுசிலாவை. சுசிலா முல்லைத்தீவுக் கரைப்பக்கத்து வேதக்காரப் பெண். புருஷன் கிறகோரிக்கு முழங்கால் பழுதாகிக் கடலுக்கு இறங்க ஏலாமல் போனபிறகு, அவர் தன் தம்பிமார் பிடிக்கிற மீனை விடியற்காலையில் வாங்கி, மோட்டார் சைக்கிளில் ஐஸ் போடுகிற றெஜிபோம் பெட்டி கட்டி, வட்டக்கச்சிப் பக்கம் கொண்டுவந்து விற்கத் தொடங்கினார். மகள் டக்சாயினிக்கும் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இரண்டுக்கும் தோதாக இருக்கட்டும் என்று, மாசி அறுவடை முடிந்த கையோடு சிவனேஸ்வரி வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வந்த புதிதில் ஒரு நாள் சுசிலா வேலிக்கு வெளியே நின்று, "அக்கா, கொஞ்சம் முருங்கையிலை ஒடிக்கலாமோ?" என்று கேட்டாள். கேட்காமல் ஒடிக்கிறவர்களை எப்படி ஏசுவது என்று சிவனேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். கேட்டுவிட்டு ஒடிக்க வந்த ஒருத்தியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஒடியும். ஆனாக் கொப்பை முறிச்சீரோ, உம்மட கையை நான் முறிப்பன்."

வேறு யாராவது என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். சுசிலா வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். தன் வாயைக் கேட்டு ஒருத்தி சிரிக்கிறாளே என்று சிவனேஸ்வரிக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது.

அன்று மத்தியானமே அந்த முருங்கையிலை நண்டுக் குழம்புக்குள் கிடந்து, ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் திரும்பி வந்தது. சாப்பாடு வந்த ஏனத்தை வெறுமையாய்த் திருப்பி அனுப்புகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சிவனேஸ்வரி பெட்டியைக் கழுவித் தோட்டத்துக் கத்தரிக்காயை நிரப்பிக்கொண்டு போனாள். அதே பெட்டி பிறகு சூடை மீன் பொரியலோடு வந்தது, பயற்றங்காயோடு போனது, திரும்ப றாலோடு வந்தது. வெள்ளிக்கிழமை சிவனேஸ்வரி மீன் மச்சம் தொடமாட்டாள் என்று தெரிந்த பிறகு, வெள்ளிக்கிழமைகளில் கடலைச் சுண்டலோ வாழைக்காய்ப் பொரியலோ வந்தது. எப்போதும் ஒருத்தியின் ஏனம் மற்றவளின் குசினியில் கிடந்தது. அதைக் கொண்டுபோகிற சாட்டில் போய், இருந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, கதைத்து, பொழுது படுகிற நேரம் "ஐயோ, மாடு கட்டேல்லை" என்று எழும்பி ஓடி வருவது வழக்கமாகிவிட்டது. ஓடித் திரிந்ததில் பெட்டியின் மூடி வெடித்துப்போய், சுசிலா அதற்கு றபர் பாண்ட் போட்டிருந்தாள்.

ஆனி மாதம் ஒரு பின்னேரம் சுசிலா வந்து, வாற ஞாயிற்றுக்கிழமை தனக்கு ஐம்பதாவது பிறந்தநாள் என்றாள்.

"மகள்தான் நிக்கிறாள், கேக் வெட்டோணும் எண்டு. காலமை பூசை. பின்னேரம் வீட்டில சின்னதா ஒரு தேத்தண்ணி. ஊரில இருந்து எங்கட ஆக்கள் கொஞ்சப்பேர் வருகினம். நீங்களும் அண்ணையும் கட்டாயம் வரோணும் அக்கா. ஒண்டும் கொண்டு வரக்கூடாது. சும்மா வாங்கோ."

சும்மா வாங்கோ என்றால் சும்மா போக முடியுமா? அன்று பின்னேரமே சிவனேஸ்வரிக்குத் தலையிடி தொடங்கிவிட்டது. கலியாணம் என்றால் என்வலப். பிள்ளை பெரியவளாகிச் சாமத்தியவீடு என்றால் சேலை. வீடு குடிபூரல் என்றால் குத்துவிளக்கு. வளர்ந்த மனிசிக்குப் பிறந்தநாள் என்றால் என்ன கொடுப்பது? அவள் பிறந்த வீட்டில் பிறந்தநாளை நட்சத்திரம் பார்த்துச் செய்வார்கள். கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் ஒரு பாயாசம். பத்து வயதுக்குப் பிறகு அதுவும் இல்லை. தன்னுடைய ஐம்பதாவது எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது.

"ஒரு சேலையை வாங்கிக் குடுமன்," என்றார் இளையதம்பி. அவர் எந்தப் பிரச்சினையையும் இருந்த இடத்தில் இருந்து தீர்க்கிற மனிதர்.

"சேலை குடுத்தா அவா திருப்பிச் சேலை தரோணும். வாடகை வீட்டில இருக்கிற சனத்துக்கு நான் ஏன் சுமை ஏத்துவான்?"

"அப்ப லேஞ்சி?"

"உங்களுக்கு விசரே? மூக்குத் துடைக்கிற லேஞ்சி குடுத்தாப் பிரிவு வரும் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"அப்ப ஒண்டும் குடாதையும்."

"எழும்புங்கோ. நாளைக்குக் கிளிநொச்சிக்குப் போவம்."

மறுநாள் இளையதம்பி மோட்டார் சைக்கிளைச் சந்தைக்கு முன்னால் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டார். சிவனேஸ்வரி கடை கடையாக ஏறி இறங்கினாள். பான்சிக் கடையில் இதயம் போட்ட கோப்பையும் பஞ்சுக் கரடியும் காட்டினார்கள். கரடியை ஐம்பது வயது மனிசி என்ன செய்வாள், மடியில் வைத்துத் தாலாட்டுவாளா? சுவர் மணிக்கூடு எல்லா வீட்டிலும் இரண்டு மூன்று, ஒன்றும் சரியான நேரம் காட்டாமல் தொங்குகிறது. ஒரு கடையில் மடு மாதா படம் பார்த்தாள். வடிவான படம், சட்டமும் நல்ல சட்டம். கையில் எடுத்தும் பார்த்தாள். பிறகு, நமக்கு ஒரு வேதக்காரர் பிள்ளையார் படம் கொண்டுவந்து தந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தாள். பிழை இல்லை. ஆனால் எந்தச் சாமியை எங்கே கொழுவுவது என்று அந்த வீட்டுக்காரர் அல்லவா முடிவெடுக்க வேண்டும்? இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டாள்.

கடைசியில் ஏனக்கடைக்கு முன்னால் வந்து நின்றபோதுதான் அந்த வெடித்த ஐஸ்கிறீம் பெட்டி ஞாபகம் வந்தது. சுசிலாவின் குசினியில் நல்ல ஏனம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு தரம் கடல் கொண்டுபோனது, பிறகு சண்டை கொண்டுபோனது, மிச்சத்தை வீடு மாறியது கொண்டுபோனது என்று அவளே ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். உள்ளே போய், மூடி இறுக்கமான, இரண்டு பக்கமும் பிடி வைத்த எவர்சில்வர் ஏனம் ஒன்றை எடுத்தாள். பெரிதும் இல்லை, சின்னதும் இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு நேரக் கறி கொள்ளும். மூடியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். அவளுக்கு மனம் நிறைந்துபோனது.

"பேர் வெட்டுறதோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

பெயர் வெட்டாமல் ஏனம் வாங்குகிற ஆளா சிவனேஸ்வரி? சண்டை முடிந்து அகதி முகாமில் இருந்து திரும்பி வந்த காலத்தில், வெறும் நிலமாய்க் கிடந்த வளவில் அவளுக்கு மிஞ்சியது ஒரு பித்தளைக் குடம்தான். அதுவும் அவளுடைய வளவில் கிடைக்கவில்லை. ஆரோ ஒருத்தரின் கிணற்றடியில் கண்டாள். அந்த வீட்டுக்காரி குடத்தைக் கவிழ்த்து, அடியில் வெட்டியிருந்ததை வாசித்து, "நீங்களோ சிவனேஸ்வரி?" என்று கேட்டுவிட்டு, மறுவார்த்தை பேசாமல் தூக்கிக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் ஊர் முழுக்க அப்படித்தான் சாமான்கள் வீடு தேடிப் போயின. அன்றிலிருந்து அவள் வீட்டில் கரண்டிக்கும் பெயர் உண்டு.

"ஓம், வெட்டுங்கோ."

"என்ன பேர்?"

சுசிலா என்று போட்டால் யார் கொடுத்தது என்று எப்படித் தெரியும்? கொடுத்தவரின் பெயர் அல்லவா இருக்க வேண்டும். நாளைக்கு அவள் எங்கே போனாலும், கழுவுகிற நேரம் கையில் தட்டுப்படும்.

"சிவனேஸ்வரி எண்டு போடுங்கோ."

"முன்னுக்கு 'அன்பளிப்பு' எண்டு போடவோ?"

"ஏன், நான் என்ன வாசிகசாலைக்குக் கதிரையோ குடுக்கிறன்? பேரை மட்டும் வெட்டுங்கோ."

கடைக்காரர் சிரித்துக்கொண்டு மெசினை எடுத்தார். அது கிர்ரென்று அழுது அழுது அடியில் அவள் பெயரை வடிவாக எழுதி முடித்தது. பரிசுத் தாளில் சுற்றித் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். வெறும் ஏனத்தைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு நல்ல நாளில் ஒருத்தியின் கையில் கொடுப்பதா? அது கூடாது. நிறைத்துத்தான் கொடுக்க வேண்டும். நிறைத்த பிறகு சுற்றினால் கவிழ்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்தே பயறு வறுத்து, இடித்து, சர்க்கரைப் பாகு காய்ச்சிப் பயற்றம் பணியாரம் சுட்டாள். சூடு ஆறமுன்னம் புது ஏனத்தில் அடுக்கி, மூடியை இறுக்கி, துவாயால் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற முறை அன்று பார்த்து வந்ததால் இளையதம்பி வரவில்லை.

படலையடியில் டக்சாயினி நின்றாள். "வாங்கோ அன்ரி" என்று ஏனத்தை வாங்கினாள். துவாய்க்குள்ளிருந்து வந்த வாசத்தில், "பணியாரமோ! இன்னும் சுடுகுது," என்று சந்தோசப்பட்டுக்கொண்டு நேரே குசினிக்குள் போய்விட்டாள். ஏனமும் பரிசுதான் என்று சிவனேஸ்வரி சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கொடுக்கிறதை வாயால் சொல்லிக் கொடுப்பது எப்படி? உள்ளே போய் ஒரு கதிரையில் இருந்தாள்.

முல்லைத்தீவில் இருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் எல்லாரையும் தெரிந்தவர்கள். மேசையில் மினுங்குகிற தாள் சுற்றிய பாசல்கள் ஏறிக்கொண்டேயிருந்தன. ஒருத்தர் செபம் சொன்னார். சிவனேஸ்வரியும் எழும்பிக் கைகூப்பி நின்றாள். கேக் வெட்டியதும் சுசிலா புருஷனுக்குத் தீத்தினாள், மகளுக்குத் தீத்தினாள், பிறகு அத்தனை சொந்தக்காரரையும் விலத்திக்கொண்டு வந்து சிவனேஸ்வரியின் வாயில் ஒரு துண்டை வைத்தாள். கேக் இனித்தது. மனம் குசினிக்குள் கிடந்தது. பணியாரத்தை ஒரு தட்டில் கொட்டிப் பரிமாறிக்கொண்டு திரிந்தார்களே தவிர, ஏனத்தைக் காணவில்லை.

கிறகோரியின் தமக்கை பக்கத்தில் வந்து இருந்தார். நல்ல மனிசிதான், ஆனால் எல்லாம் அறிந்தாக வேண்டும். மேசையைக் காட்டி, "இதில உங்கட எது பிள்ளை?" என்று கேட்டார்.

அது குசினியில் கிடக்கிறது என்று எப்படிச் சொல்வது? சிவனேஸ்வரியின் வாய் அவளைக் கேளாமலே முந்திக்கொண்டது. "என்னைச் சும்மா வரச் சொன்னவா. நான் சும்மா வந்தனான்."

தேத்தண்ணித் தட்டோடு பின்னால் நின்ற சுசிலா தட்டை நீட்டினாள்.

இரண்டு நாள் கழித்து சுசிலா வந்தாள். கையில் அந்த ஏனம். பளபளவென்று கழுவித் துடைத்திருந்தது. உள்ளே றால் பொரியல்.

"அக்கா, உங்கட ஏனம். பணியாரத்துக்கு எங்கட சனம் சண்டை பிடிச்சது."

சிவனேஸ்வரி ஏனத்தையே பார்த்தாள். வாங்கிக்கொண்டாள். "ம்" என்றாள். இருங்கோ என்று சொல்லவில்லை, தேத்தண்ணி போடவில்லை. சுசிலா கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றுவிட்டுப் போனாள்.

"திருப்பித் தந்திட்டா," என்றாள் இளையதம்பியிடம். "வேண்டாமாம். சின்னச் சாமான்தானே."

இளையதம்பி ஒரு றாலை வாயில் போட்டபடி ஏனத்தைச் சுற்றிப் பார்த்தார். "அவாக்கு இது பரிசு எண்டு தெரியேல்லைப் போல. போய்ச் சொல்லுமன்."

"என்னெண்டு சொல்ல? 'இஞ்சாரும், நான் உமக்குப் பரிசு தந்தனான், நீர் கவனிக்கேல்லை' எண்டோ? அதுக்கு நான் கிணத்தில விழலாம்."

"றால் நல்லாயிருக்கு."

"தின்னுங்கோ. எல்லாத்தையும் நீங்களே தின்னுங்கோ."

அன்றோடு போக்குவரத்து நின்றது. பாருங்கள், இப்போது சிவனேஸ்வரியின் ஏனம் சிவனேஸ்வரியிடம், சுசிலாவின் பெட்டி சுசிலாவிடம். திருப்பிக் கொடுக்க இரண்டு பேரிடமும் ஒன்றும் இல்லை. சாட்டு இல்லாமல் போய் இருந்து கதைக்க இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சந்தியில் கண்டால் ஒருத்தி தலையாட்டுவாள், மற்றவளும் தலையாட்டுவாள். ஒரு நாள் சுசிலா பழையபடி வேலியடியில் வந்து முருங்கையிலை கேட்டாள். "மரம் அங்கதானே நிக்குது, ஒடியுமன்," என்று சொல்லிவிட்டுச் சிவனேஸ்வரி மாட்டுக் கொட்டிலுக்குள் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது ஒரு இலைகூட ஒடித்திருக்கவில்லை. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தன்னையே திட்டினாள். ஆனால் எழும்பிப் போகவில்லை. கௌரவம் என்கிற சனியன் காலைக் கட்டிப்போட்டிருந்தது.

பிறகொரு மத்தியானம் இளையதம்பி மீன் பையோடு வந்து, அதைக் குசினி வாசலில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். இருந்த இடத்தில் இருந்து பேசுகிற மனிதர் நின்றுகொண்டு பேசினால் விசயம் பெரிது.

"கிறகோரியைக் கண்டனான். வீட்டை விட்டுட்டுத் திரும்ப ஊருக்குப் போகப் போகினமாம். சுசிலாதான் ஒற்றைக்காலில நிக்கிறாவாம். இஞ்ச கதைக்க ஒருத்தரும் இல்லையாம். அழுகிறாவாம், மனுசன் கவலைப்படுகுது."

சிவனேஸ்வரி மீனை வெட்டாமல் அப்படியே வைத்தாள். கையைக் கழுவினாள். சுவர்த் தட்டில் கிடந்த ஏனத்தை எடுத்தாள். எடுத்த கை பழக்கத்தில் பின் வளவுக்குப் போய்க் கத்தரிக்காயைப் பிடுங்கி நிரப்பிக்கொண்டது. வெயில் நெருப்பாய் எரிந்தது. செருப்புப் போட மறந்துபோய்ப் பாதி ஒழுங்கையில்தான் கால் சுட்டது. திரும்பிப் போனால் பிறகு வரமாட்டேன் என்று தெரிந்ததால் அப்படியே நடந்தாள்.

சுசிலா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் கையில் இருந்த ஈரத் துணியோடு நின்றாள்.

"அக்கா? என்னக்கா, வெறுங்காலோட?"

"இதை ஏன் திருப்பிக் கொண்டந்தனீர்?"

"எது?"

"இதுதான்." ஏனத்தைத் தூக்கிக் காட்டினாள்.

சுசிலாவின் முகம் மாறியது. "மச்சம் போட்டுத் தந்ததோ அக்கா? அதுக்கே கோவம்? நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்தனான். புது ஏனம், கோயிலுக்கு எண்டு வைச்சிருந்ததாக்கும், நான் றாலைப் போட்டுப் பழுதாக்கிப் போட்டன் எண்டு—"

"கோயிலுக்குமில்லை, குளத்துக்குமில்லை. இது உமக்கு வாங்கினது. உம்மட பிறந்தநாளுக்கு."

சுசிலாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கிட்ட வந்து, ஏனத்தைச் சரித்து அடியைப் பார்த்தாள்.

"இதில உங்கட பேரெல்லோ வெட்டிக் கிடக்குது. மற்றவையின்ர பேர் கிடக்கிற சாமானை வைச்சிருக்கேலுமோ அக்கா? ஆரின்ர எண்டு பாத்துக் கொண்டுபோய்க் குடுக்கிறதுதானே எங்கட வழக்கம். உங்களுக்குத் தெரியாதே?"

தெரியாதா! அதனால் வீடு வந்து சேர்ந்த குடத்தில்தானே இன்றைக்கும் தண்ணீர் அள்ளுகிறாள்.

"அண்டைக்கு எல்லாரும் வெளிக்கிட்டாப் பிறகு," என்றாள் சுசிலா, குரல் தாழ்ந்திருந்தது, "அந்தப் பாசலுகளை ஒவ்வொண்டா உடைச்சனான். சாமானைப் பாக்க இல்லை அக்கா. எதிலயாவது உங்கட பேர் கிடக்குதோ எண்டுதான் பாத்தனான். சும்மா வந்தனான் எண்டு நீங்கள் மச்சாளுக்குச் சொன்னது என்ர காதில விழுந்தது, ஆனாலும் பாத்தனான். ஒண்டிலயும் இல்லை. சும்மா வரச் சொன்னது நான்தானே, பிறகு என்னத்துக்குத் தேடுறாய் எண்டு என்னையே ஏசிப்போட்டு, குசினிக்குப் போய் உங்கட ஏனத்தைக் கழுவினன்."

"கழுவேக்க பேரைக் கண்டனீரோ?"

"கண்டனான். வடிவா வெட்டியிருந்துது. விரலால தடவியும் பாத்தனான்."

சிவனேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியே முற்றத்து மண்ணில் குந்திக்கொண்டாள். சுசிலாவும் பக்கத்தில் இருந்தாள்.

"எனக்குச் சிநேகிதி எண்டு ஒருத்தரும் இருந்ததில்லை, சுசிலா. எப்பிடிக் குடுக்கிறது, என்ன சொல்லிக் குடுக்கிறது, எனக்கு ஒண்டும் தெரியாது. அண்டைக்கு நீர் முருங்கையிலை ஒடிக்காமப் போனதுக்கு நான் சோறு தின்னேல்லை. ஊருக்குப் போகாதையும்."

சுசிலா மூக்கைச் சட்டை நுனியால் துடைத்தாள். "அப்ப நான் கொப்பை முறிச்சாலும் ஏசமாட்டியளோ?"

"அது வேற. கொப்பை முறிச்சாக் கையை முறிப்பன்."

சுசிலாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வெகு நேரம் சிரித்தாள். பிறகு எழும்பி உள்ளே போய் ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்தாள். ஏனத்தின் மூடியைத் திறந்து, கத்தரிக்காய் முழுவதையும் அந்தப் பைக்குள் கொட்டி, பையை முடிந்து சிவனேஸ்வரியின் மடியில் வைத்தாள்.

"என்ன, கத்தரிக்காய் வேண்டாமோ?" என்று சிவனேஸ்வரி பதறினாள்.

"இதை நீங்கள் கொண்டு போங்கோ. நாளைக்கு நான் வந்து கேட்டு வாங்கிறன். ஏனத்தை மட்டும் உங்கட கையால வெறுமையாத் தாங்கோ அக்கா. நிறைச்சுத் தந்தா எனக்குத் திருப்பித் தரத்தான் தெரியும்."

சிவனேஸ்வரி எழும்பினாள். தன் பெயர் வெட்டிய வெறும் ஏனத்தை, இரண்டு பிடியையும் பிடித்து, சுசிலாவின் கையில் கொடுத்தாள்.